கடன் நோட்டில் சின்னவன் கணக்கு

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரே சத்தமாக இருக்கும். சின்னவனுக்கு எண்ணெய்க் குளியல். என் அம்மா, அவனுக்கு ஆச்சி, ஒரு கையில் பயத்தமாவும் இன்னொரு கையில் பீர்க்கங்கூடுமாக உட்கார்ந்து அவன் கழுத்தைத் தேய்ப்பார். "கழுத்தா இது, அடுப்புச் சுவரா? வாரம் பூரா என்னத்தல குளிச்ச?" அவன் கத்துவான். எவ்வளவு தேய்த்தாலும் பின்கழுத்தில் இருந்த அந்தக் கறுப்பு மட்டும் போகாது. மடிப்பு மடிப்பாக, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். ஒரு சனிக்கிழமை தோல் வழண்டு ரத்தமே கசிந்துவிட்டது.

போன வருஷம் தை மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. குழந்தை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அந்த அம்மா தொண்டையைப் பார்க்கும் முன்பே கழுத்தைப் பார்த்தார். சட்டையைத் தூக்கச் சொல்லி அக்குளையும் பார்த்தார். "இதை யாரு இப்படித் தேய்ச்சது?" என்றார். நாங்கள் திருதிருவென்று விழித்தோம்.

அது அழுக்கே இல்லை. அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயராம். உடம்பில் கொழுப்பு கூடும்போது இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. ரத்தத்தில் ஏறிக் கிடக்கும் அந்த இன்சுலின்தான் கழுத்திலும் அக்குளிலும் தோலைத் தடிக்கவும் கறுக்கவும் வைக்கிறது. "உள்ள நடக்கிறது வெளியே தெரியுது, அவ்வளவுதான். தேய்ச்சா போகாது" என்றார். என் அம்மாவுக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளையை வருஷக்கணக்கில் சும்மா தேய்த்து அழவைத்திருக்கிறோமே என்று.

அப்போது அவனுக்குப் பத்து வயது. உயரம் 142 சென்டிமீட்டர், எடை 48 கிலோ. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 23.8. இதைத்தான் பி.எம்.ஐ. என்கிறார்கள். பெரிய ஆளுக்கு அந்த எண் வந்தால் பெரிதாகப் பதற மாட்டார்கள். பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு; வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை ஒன்று அவர் மேஜையில் இருந்தது. அதில் எங்கள் பையனுக்கு ஒரு புள்ளி வைத்தார். கோடுகள் எல்லாம் கீழே இருந்தன. புள்ளி மேலே தனியாக நின்றது.

நான் உடனே, "தைராய்டா இருக்குமோ டாக்டர்?" என்றேன். எல்லா அப்பாக்களும் இதைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது, சிரித்தார். தைராய்டு மாதிரி சுரப்பிக் கோளாறால் குண்டாகிற பிள்ளைகள் பெரும்பாலும் குட்டையாக இருப்பார்களாம். வளர்ச்சி நின்று போயிருக்குமாம். வயதுக்கு மீறி உயரமாகவும் இருந்து குண்டாகவும் இருந்தால் பெரும்பாலும் சாப்பாடும் பழக்கமும்தான். சின்னவன் வகுப்பில் கடைசி பெஞ்ச் உயரம்.

"வீட்டுல என்ன சாப்பிடுவான்?"

"அளவாத்தான் டாக்டர். காலையில மூணு இட்லி, மதியம் கொஞ்சம் சோறு."

"நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?"

"மளிகைக் கடை."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கடையில இருந்து என்னென்ன எடுப்பான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். மூன்று தெருவுக்கு அண்ணாச்சி நான். யார் வீட்டில் எத்தனை கிலோ துவரம்பருப்பு போயிற்று, எந்த டீச்சரம்மா போன மாதம் 340 ரூபாய் பாக்கி என்பதெல்லாம் கடன் நோட்டில் இருக்கிறது. என் மகன் கணக்கு மட்டும் எங்கேயும் இல்லை. கடைக்காரன் பிள்ளை கையில் எடுப்பதை யார் எழுதுவார்?

"ஒரு வாரத்துக்கு எழுதிக்கொண்டு வாங்க. அவனைத் திட்ட வேண்டாம், தடுக்க வேண்டாம். எழுதுங்க, போதும்" என்று அனுப்பிவிட்டார். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். சர்க்கரை அளவு சரியாக இருந்தது. ஈரல் கணக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு படிய ஆரம்பித்திருந்தது. பத்து வயதில். எனக்கு நாற்பத்தாறு வயது, எனக்குக்கூட அது இல்லை.

கடன் நோட்டில் புதுப் பக்கம் திறந்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, "சின்னவன்" என்று எழுதினேன். ஏழு நாள் கழித்துக் கூட்டிப் பார்த்தது இது: மாம்பழ ஜூஸ் சின்ன டப்பா ஆறு. கோலா 250 மில்லி பாட்டில் நான்கு. கிரீம் பிஸ்கட் மூன்று பாக்கெட். சிப்ஸ், குர்குரு வகையறா ஒன்பது. மிட்டாயை எண்ணவில்லை, எண்ண முடியவில்லை. இதைத் தவிர வீட்டில் காலையும் மாலையும் பாலில் அந்த மால்ட் பவுடர், அதற்கு மேல் அவன் ஆச்சி போடும் இரண்டு ஸ்பூன் சீனி.

இத்தனை வருஷம் விற்ற பாக்கெட்டுகளின் முதுகைத் திருப்பி அன்றைக்குத்தான் படித்தேன். எழுத்து எறும்பு சைஸில் இருக்கிறது. மாம்பழ ஜூஸில் 100 மில்லிக்குப் பதிமூன்று பதினான்கு கிராம் சீனி. கோலாவில் பத்தரை. கிரீம் பிஸ்கட் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீனி. மால்ட் பவுடரும் ஏறக்குறைய அதே கதைதான். 2024-ல் மத்திய வர்த்தக அமைச்சகம் இந்த மாதிரிப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் விற்க வேண்டாம் என்று ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது ஞாபகம் இருக்கலாம். அப்படி ஒரு வகையே உணவுச் சட்டத்தில் கிடையாது. நானோ என் கடை அலமாரியில் 'ஹெல்த்' என்று கையால் எழுதி ஒட்டியிருந்தேன்.

கணக்குப் போட்டேன். ஜூஸில் 120 கிராம், கோலாவில் 105, பிஸ்கட்டில் 65, பவுடரில் 100, ஆச்சி கைச் சீனி 140. ஆக மொத்தம் 530 கிராம். எண்ணாகப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எதையும் தராசில் வைத்தால்தான் புரியும். சீனி மூட்டையிலிருந்து அள்ளி 530 கிராம் நிறுத்து, பழைய பேப்பரில் பொட்டலம் கட்டிக் கல்லாப் பக்கத்தில் வைத்தேன். அரைக் கிலோவுக்கு மேல். ஒரு சிறு பையன், ஒரே வாரத்தில். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கில், ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது. வாரத்துக்கு 175. பக்கத்திலேயே அதையும் நிறுத்து இன்னொரு பொட்டலம் கட்டினேன். பெரிய பொட்டலம் சின்னப் பொட்டலத்தைப் போல மூன்று மடங்கு.

இதில் சிப்ஸ் கணக்கே வரவில்லை. அதில் இனிப்பு இல்லை, எண்ணெய் உண்டு. 100 கிராமுக்கு 530, 550 கலோரி. வயிறு நிறைவதும் இல்லை. ஒன்பது பாக்கெட் தின்றுவிட்டு ராத்திரி "பசிக்குது" என்பான், நாங்களும் பாவம் என்று போடுவோம்.

இரண்டு பொட்டலங்களையும் அப்பாவிடம் காட்டினேன். மத்தியானம் நான் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது கல்லாவில் அவர்தான் உட்காருவார். நாலேகால் மணிக்குப் பள்ளி விட்டு வரும் பேரனுக்கு அள்ளிக் கொடுக்கிற கையும் அவர் கைதான்.

"அதுக்கு என்னல இப்ப? தின்னுட்டுப் போட்டும். நாம தின்னமா?"

இந்த ஒரு கேள்விக்கு முன்னால் எனக்கு வாய் அடைத்துவிடும். அப்பா எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமத்துக்காரர். 1956-ல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது அவருக்கு ஏழு வயது. படிப்புக்காகப் போகவில்லை, சோற்றுக்காகத்தான் பள்ளிக்கூடம் போனேன் என்று வெட்கமே இல்லாமல் சொல்வார். நான் 1984-ல் ஒன்றாம் வகுப்பு, எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவைச் சாப்பிட்ட தலைமுறை. எங்கள் வீட்டில் ஒல்லியாக இருப்பது என்றால் நோய், வறுமை, மானக்கேடு மூன்றும் சேர்ந்தது. சின்னவன் மூன்று வயதில் கொழுகொழுவென்று இருந்தபோது அவன் வெள்ளி அரைஞாணுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ஆசாரியிடம் கண்ணி சேர்த்தோம். இரண்டாம் தடவை அப்பா ஆசாரிக்குச் சந்தோஷமாகப் பத்து ரூபாய் கூடக் கொடுத்தார். அந்தக் கண்ணியைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. காலம் எவ்வளவு சீக்கிரம் புரண்டுவிட்டது பாருங்கள். 1990-ல் இந்தியாவில் ஐந்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள் உடல்பருமன் உள்ள பிள்ளைகள் சுமார் நான்கு லட்சம் பேர். 2022-ல் ஒன்றேகால் கோடி. லான்செட் மருத்துவ இதழில் 2024-ல் வந்த கணக்கு இது. 2025-ல் யுனிசெஃப் சொன்னது இன்னும் ஒரு படி மேல்: உலகத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம், உடல்பருமன் உள்ளவர்கள் 9.4 சதவீதம். முதல் தடவையாகப் பருமன் முந்திவிட்டது. அதற்காகப் பசி போய்விட்டது என்றும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இரண்டும் ஒரே தெருவில் இருக்கிறது. என் கடன் நோட்டிலேயே இரண்டு வீடும் இருக்கிறது.

தொழில் ரகசியம் கொஞ்சம் சொல்கிறேன், சக அண்ணாச்சிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம். கடை வாசலில் தொங்குகிற சிப்ஸ் சரத்தை நான் மாட்டியதில்லை. லைன் வண்டியில் வரும் சேல்ஸ்மேன் தம்பிதான் மாட்டிவிட்டுப் போவார். "இன்னும் கொஞ்சம் இறக்கி மாட்டுங்க அண்ணாச்சி, பிள்ளைக கைக்கு எட்டணும்ல." தரையிலிருந்து மூன்று அடி. பன்னிரண்டு எடுத்தால் ஒன்று ஃப்ரீ என்று ஸ்கீம். கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜைக் குளிர்பானக் கம்பெனியே சும்மா கொடுக்கும். கண் மட்டத்துத் தட்டில் அவர்கள் பாட்டில்தான் நிற்க வேண்டும், மோரையோ தண்ணீரையோ அங்கே வைத்தால் அடுத்த தடவை வரும்போது முகம் சுளிப்பார்கள். விலை எல்லாம் ஐந்து, பத்து. வேண்டுமென்றேதான். பாக்கெட் சிறுத்தாலும் சிறுக்கும், அந்தக் காசு மாறாது. பிள்ளை கையில் இருக்கும் ஒற்றைக் காசுக்குப் பொருந்த வேண்டுமே. இவ்வளவு பேர் இவ்வளவு யோசித்து மாட்டி வைத்த சரத்துக்கு முன்னால் பத்து வயதுப் பிள்ளையை நிறுத்திவிட்டு, "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று சொன்னால் அது என்ன நியாயம்?

ஆனால் நான் அதைத்தான் செய்தேன். முதல் மாதம் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். "இன்னைல இருந்து எதையும் தொடக் கூடாது." அவனுக்கு மட்டும். பெரியவள் ஒல்லி, நர்சிங் இரண்டாம் வருஷம், அவள் பிஸ்கட் தின்றால் ஒன்றும் சொல்வதில்லை. மூன்று வாரம் கழித்துக் குடோனில் பொன்னி அரிசி மூட்டையை நகர்த்தினேன். பின்னால் பாக்கெட் தாள்கள், நான்காக எட்டாக மடித்து, சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் அடுக்கி வைத்திருந்தது. முப்பதுக்கு மேல் இருக்கும். எனக்கு வந்த கோபத்தில் கை ஓங்கிவிட்டேன். அவன் அழவில்லை. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் மூட்டையைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அன்றைக்கு ராத்திரி பெரியவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒளிச்சுச் சாப்பிட நீங்கதாம்ப்பா பழக்கிட்டீங்க. வீட்டுக்குள்ள வராம இருந்தா யாருமே சாப்பிட மாட்டோம். வச்சுக்கிட்டு அவனை மட்டும் கூடாதுன்னா?" என்றாள். அவள் அம்மா அடுப்படியிலிருந்து, "நாலு வருஷமா நான் சொன்னேன், யாரு கேட்டா" என்று தன் பங்கைச் சொன்னாள். உண்மைதான். கேட்கவில்லை.

அடுத்த தடவை போனபோது மருத்துவரும் கிட்டத்தட்ட மகள் சொன்னதையே சொன்னார். என்ன சமைப்பது, எந்நேரம், எந்த இடத்தில் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். தட்டில் இருப்பதில் எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். நாங்கள் அதைச் சரியாகத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம். இரண்டு வயதில் அவன் முகத்தைத் திருப்பினால் செல்போனில் பாட்டுப் போட்டு, வாய் திறந்த நேரம் பார்த்து இன்னொரு உருண்டையைத் தள்ளுவார் ஆச்சி. போதும் என்று வயிறு சொல்வதைக் கேட்காமல் இருக்க நாங்களே பயிற்சி கொடுத்திருக்கிறோம். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கிறதாம். எங்கள் வீட்டில் பால்புட்டிக்கு அடுத்து வந்தது போன்தான்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் பெரிய நிம்மதி. "இவன் எடை குறைய வேண்டாம். ஏறாம நிக்கட்டும். உயரம் தானா ஏறும், கணக்கு தானா சரியாகும்." வளரும் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கிற சலுகை இது. நம் வயதில் யாருக்கும் கிடைக்காது. அதனால் பட்டினி கிடையாது, டயட் என்ற சொல்லே வீட்டில் கிடையாது, வாராவாரம் தராசில் ஏற்றுவதும் கிடையாது.

எனக்கு வலித்தது ராத்திரிச் சாப்பாடுதான். நான் கடை சாத்த மணி பத்தாகும். சனிக்கிழமை என்றால் வரும் வழியில் பரோட்டா வாங்கி வருவேன். சின்னவன் தூங்காமல் காத்திருப்பான். பத்தரைக்கு இரண்டு பேரும் சால்னா ஊற்றிப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவோம், அப்புறம் டிவி, அவன் படுக்கப் பதினொன்றரை. மற்ற நாளிலும் பரோட்டா இல்லை என்பதைத் தவிர எல்லாம் அப்படியேதான். காலையில் ஆறு மணிக்கு எழுப்ப வேண்டும். அவன் வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் எண்ணெய்க்கும்தான் கூடும். இதை மருத்துவர் சொன்னபோது, ஒரு நாளில் பிள்ளையோடு நான் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே வேளை அதுதான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

இப்போது அவன் ஏழரைக்குச் சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுத்துவிடுகிறான். நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். பதிலுக்குக் காலையில் கடை திறக்க அவனும் என்னோடு வருகிறான். வண்டி எடுப்பதில்லை, நடைதான், இருபது நிமிஷம். ஷட்டரை அவன்தான் தூக்குவான். பால் டிரேயைத் தூக்கி வைப்பான். திரும்பிப் போகும்போது சைக்கிள்.

விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஹாக்கி ஊர். செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது, இந்திய அணி வரைக்கும் ஆள் போயிருக்கிறது. எடை ஏறிவிட்டது என்றதும் எல்லோரும் சொன்ன மருந்து, "ஹாக்கில சேத்து விடுங்க அண்ணாச்சி, ஒரு மாசத்துல உருகிரும்." சேர்த்தேன். மூன்று நாள் போனான். நான்காம் நாள் வயிற்றுவலி என்றான். கோல் கீப்பருக்குக் கட்டும் பேட் இவனுக்கு வேண்டாம், இவன் உடம்பே போதும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். அதோடு சரி. பிற்பாடு தெரிந்தவர் ஒருவர், பள்ளியில் பி.டி. வாத்தியார், என்னிடம் சொன்னார்: "ஒரு பாட்டில் கோலாவைக் குடிக்க ரெண்டு நிமிஷம். அதை எரிக்க அவன் அரை மணிக்கு மேல நடக்கணும். முதல்ல பாட்டிலை நிறுத்துங்க. விளையாட்டு அவன் சந்தோஷத்துக்கு இருக்கட்டும்." ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மூச்சு வாங்க உடம்பு அசைய வேண்டும், அது எதுவாக இருந்தாலும் சரி. இப்போது தெருவில் ஐந்து பிள்ளைகளோடு பிசாசு மாதிரி சைக்கிள் ஓட்டுகிறான். யாரும் ஸ்கோர் எழுதுவதில்லை. அதுதான் அவனுக்குப் பிடித்திருக்கிறது.

'நம்ம உடம்புவாகு அப்படி' என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் 2004-ல் லான்செட்டில் ஒரு படம் போட்டார். மகள் பாடத்துக்காகப் படித்துவிட்டு எனக்கும் காட்டினாள். அவரும் இங்கிலாந்து நண்பர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்ம ஆள் உடம்பில் 21.2. பார்க்க மெலிந்திருந்தாலும் நம்மவர்களுக்கு உள்ளே கொழுப்பு கூடுதல். அதனால்தான் நம் பிள்ளைகளுக்கான அட்டவணையில் எச்சரிக்கைக் கோட்டைக் கீழே இறக்கிப் போட்டிருக்கிறார்கள். உடம்புவாகு என்று சொல்கிறவர்கள் அதனால் பரவாயில்லை என்ற அர்த்தத்தில் சொல்கிறார்கள். இந்தப் படத்தைப் பார்த்தால் அதனால் இன்னும் சீக்கிரம் விழித்துக்கொள்ள வேண்டும் என்றல்லவா தெரிகிறது!

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஜூஸ் கொடுக்காதீர்கள் என்றால் மனுஷன் கேட்டுக்கொண்டார். ஆனால் நாலேகாலுக்குப் பேரன் வந்து நிற்கும்போது கையைப் பிசைவார். ஒரு நாள் என்னிடம் கேட்டேவிட்டார்: "அப்ப நான் என்னத்தல குடுக்க? வெறுங்கையைக் காட்டவா?" அவருக்குக் கொடுத்தாக வேண்டும். அது புரிய எனக்கு இத்தனை நாளாகியிருக்கிறது. மறுநாள் தட்டாம்பயறு ஊறப்போட்டு அவித்துக் கொடுத்தாள் என் மனைவி. தேங்காய் கொஞ்சம், வரமிளகாய், கடுகு. அப்பா அதை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சிறுபயறு, அவித்த நிலக்கடலை, கொய்யா, தை மாதத்தில் பனங்கிழங்கு. பனங்கிழங்கை நார் உரித்துத் தின்ன இருபது நிமிஷம் ஆகிறது. அந்த இருபது நிமிஷமும் தாத்தாவுக்குப் பேரன் கிடைக்கிறான்.

கடலை மிட்டாயும் அப்பா பட்டியலில் இருந்தது. கோவில்பட்டிக்காரனிடம் கடலை மிட்டாயைக் குறை சொல்வது லேசா? 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. "வெல்லந்தானே, உடம்புக்கு நல்லது" என்றார். வெல்லமும் ஈரலுக்குச் சீனிதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கருப்பட்டியும் தேனும் அதே வரிசைதான். ஆக, வாரத்துக்கு ஒன்று என்று பேசி முடித்திருக்கிறோம். இரண்டு என்று கேட்டார், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். 2020-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதி ஒன்று இருக்கிறது: கொழுப்பும் உப்பும் சீனியும் மிகுந்த சரக்கைப் பள்ளி வளாகத்திலும், பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. மகள் சொன்ன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி வாசலிலிருந்து என் கடைப் படி வரைக்கும் எண்ணிக்கொண்டே நடந்தேன். 52 எட்டு. என் எட்டு முக்கால் மீட்டர் தேறாது. அதாவது நாற்பது மீட்டருக்கும் குறைவு. இத்தனை வருஷத்தில் யாரும் வந்து கேட்டதில்லை, எனக்கும் தெரியாது. தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியவில்லை.

சரத்தைக் கழற்றி உள்ளே, என் தலைக்கு மேல் இருக்கும் கம்பியில் மாட்டினேன். பள்ளிச் சீருடையில் வரும் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. பெரியவர்கள் கேட்டால் கொடுக்கிறேன். ஆமாம், இன்னும் விற்கிறேன். அதே ஐம்பது மீட்டருக்குள் இருந்துகொண்டுதான். எதிர்க்கடையில் சரம் மூன்றடி உயரத்தில் ஆடுகிறது, என் பிள்ளைகளின் படிப்புச் செலவும் இந்தக் கடையில்தான். சரியா என்று கேட்டால் முழுக்கச் சரியில்லை. ஃபிரிட்ஜைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கி மோரும் தண்ணீரும் வைத்திருக்கிறேன். அப்பாவின் சுண்டலைப் பார்த்துவிட்டு மற்றப் பிள்ளைகளும் கேட்டதால் பத்து ரூபாய்க்கு ஒரு கப் என்று ஆரம்பித்தோம். முதல் வாரம் பாதிச் சட்டி மிஞ்சியது, பக்கத்துத் தொழுவத்து மாட்டுக்குப் போட்டேன். இப்போது ஐந்து மணிக்குள் சட்டி காலி. சரத்தில் போன வருமானம் சுண்டலில் முழுதாக வந்துவிடவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

சேல்ஸ்மேன் தம்பி சின்னவனை 'பெரிய முதலாளி' என்று வயிற்றைத் தட்டிக் கூப்பிடுவார். அதையும் நிறுத்தச் சொன்னேன். வருத்தப்பட்டார். ஆசையில்தான் சொன்னேன் அண்ணாச்சி என்றார். எனக்கும் தெரியும், எல்லோரும் ஆசையில்தான் சொல்கிறார்கள்.

முதல் தடவை மருத்துவர் ஒரு சுலபமான வழி சொல்லிக் கொடுத்திருந்தார். பிள்ளையின் உயரத்துக்கு ஒரு கயிறு எடுங்கள், அதைப் பாதியாக மடியுங்கள், இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். சேர வேண்டும். கடையில் நூலுக்கா பஞ்சம்? பொட்டலம் கட்டும் நூல்கண்டிலிருந்து அவன் உயரத்துக்கு இழுத்து அறுத்து, மடித்துச் சுற்றினேன். இரண்டு முனைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. அந்த நூலைக் கடன் நோட்டில் சின்னவன் பக்கத்தில் வைத்து மூடிவிட்டேன்.

பதினாலு மாதம் ஆகிறது. போன வாரம் கடைத் தூணில் பென்சில் கோடு போட்டோம்: 149 சென்டிமீட்டர். எடை 48½. கழுத்துக் கறுப்பு முழுக்கப் போகவில்லை, ஆனால் ஆச்சி கண்ணுக்கே வெளுத்துத் தெரிகிறது. பீர்க்கங்கூடு இப்போது பாத்திரம் தேய்க்கப் போய்விட்டது. அவனே நூல்கண்டை எடுத்து வந்து, புது உயரத்துக்கு அறுக்கச் சொன்னான். மடித்தேன். சுற்றினேன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான். முனையும் முனையும் முட்டிக்கொண்டன.

"மூச்சை விடுடா" என்றாள் பெரியவள்.

விட்டான். ஒரு நகக்கண் அளவு விலகியது. அப்பா நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்து, "நூலை இழுத்துப் பிடில, சேந்துரும்" என்றார்.